காயாத பச்சை

சுவரில் ஒரு இடம் மட்டும் காயவில்லை.

வைகாசி வெயில். மொட்டைமாடியில் போட்ட துணி, ஆள் கீழே இறங்கித் தண்ணீர் குடிப்பதற்குள் விறைத்துவிடுகிற வெயில். ரோலரைக் கழுவி வைத்த வாளியின் விளிம்பில்கூடப் பச்சை காய்ந்து செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. படுக்கையறையின் மற்ற சுவர்கள் நேற்றே காய்ந்துவிட்டன. மேற்குச் சுவரில், கட்டிலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து திருமலையின் மார்பு உயரம் வரை, ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு, பெயிண்ட் ஈரமாகவே நின்றது. ஜன்னல் வெளிச்சம் மற்ற இடங்களில் பட்டு அடங்கிப்போனது. அந்த இடத்தில் மட்டும் மினுங்கியது.

விரலை வைத்தான். விரல் பச்சையாக வந்தது. சுவரில் விரலின் பள்ளம் சற்று நேரம் இருந்தது. பிறகு மெதுவாக நிரம்பி மூடிக்கொண்டது.

டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தான். அது எந்த இடம் என்று அவனுக்குத் தெரியும். அந்த வழியாகத்தான் அவன் மனைவி வினோதாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தை மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவன் ஷிப்ட் முடிந்து வந்து எழுப்பியபோது கை ஜில்லென்று இருந்தது. அவளுடைய வீட்டார் ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் போடுகிறவர்கள். வந்து அழுது முடித்ததும் பஞ்சாங்கம் பார்த்தார்கள். அவிட்டம். ஆறு மாதம் அடைப்பு. அந்த நட்சத்திரத்தில் போனவரை வாசல்படி தாண்டி எடுக்கக்கூடாது, எடுத்தால் அந்த வழி அவர்களுக்குப் பழகிவிடும், திரும்பி வருவார்கள் என்றார்கள். சுவரை இடித்து எடுக்க வேண்டும். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் இடித்ததைக் கட்டி மூடிவிட வேண்டும். பிறகு அறையைப் பூட்டி, ஆறு மாதமும் சாயங்காலத்தில் கதவோரம் விளக்கு ஏற்ற வேண்டும்.

திருமலை எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை. இருந்தும் இடிக்கவிட்டான். சந்துப் பக்கமிருந்து கொத்தனாரின் சம்மட்டி விழ விழ, கட்டிலில் வினோதாவின் உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக அதிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கால்தான் முதலில் வெளியே போக வேண்டும். எப்போதும் அப்படித்தான். ஆனால் ஓட்டை சின்னது, கட்டில் குறுக்கே கிடந்தது, திருப்ப இடமில்லை. யாரோ, "அப்டியே உடுப்பா, நேரமாவுது" என்றார்கள். தலை முதலில் போயிற்று. சந்தில் நின்றவர்கள் தோளை வாங்கினார்கள். உள்ளே கால்மாட்டைப் பிடித்திருந்தவன் திருமலை. இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து, பழைய வேட்டியைக் கிழித்து, அவன்தான் கட்டியிருந்தான். உடம்பு வெளிப்பக்கம் ஏறும்போது முகம் நிமிர்ந்தது. இமைகள் சரியாக மூடியிருக்கவில்லை. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சுடுகாட்டில் எல்லாக் கட்டுகளையும் அவிழ்க்கச் சொன்னார்கள். கால் கட்டை அவிழ்த்தோமா என்று அவனுக்கு நினைவில்லை.

பச்சை நிறம் அவள் கேட்டது. போனில் யாருடைய வீட்டுப் படத்தையோ காட்டி, "இந்த மாரி கரும்பச்ச. பெட்ரூம் மட்டும் போதும்" என்பாள்.

"ரூம் இருட்டாயிடும்" என்பான்.

"இருட்டுலதான தூங்குவாங்க. வெயில்லயா தூங்குவாங்க?" என்பாள்.

அப்போது அடிக்கவில்லை. இப்போது அடிக்கக் காரணம் இருந்தது. வெள்ளைச் சுவரில் புதுப்பூச்சு, பிளாஸ்திரி ஒட்டியதைப் போலத் தனியாகத் தெரிந்தது. மகள் தன்ஷிகா பார்த்தால் கேட்பாள். நாலு வயது. எதைப் பார்த்தாலும் கேட்கிற வயது. அடர்ந்த நிறம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நினைத்தான்.

ஜி.என்.டி. ரோட்டுப் பெயிண்ட் கடை வெங்கடேசன் ஷேட் கார்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "சார், இது கேட்டுக்கு அடிக்கிற கலரு சார். பெட்ரூமுக்கா கேக்குறீங்க?"

"ஆமா."

"ஊட்ல அம்மா திட்டப்போறாங்க." டப்பாவை மிஷினில் ஏற்றிக் குலுக்கவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினான். "ரூமு ஒரு சைஸு சின்னதாயிடும். அப்புறம் வெங்கடேசன் சொல்லவே இல்லன்னு சொல்லக்கூடாது."

"அவங்க கேட்டதுதான்."

"அப்ப ஓகே. மேலிடத்து உத்தரவு." சிரித்தான். திருமலையும் கொஞ்சம் சிரித்துவைத்தான்.

பெயிண்ட் வாங்கிய அன்று மாலை மாமியார் ரத்னாவுக்குப் போன் செய்தான். வினோதா போனதிலிருந்து குழந்தை அவரிடம்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரேன் அத்தே. தன்ஷியக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"இன்னா மாப்ளே அவசரம்? ஆடி போவட்டும். அடைப்பு முடியட்டும்."

"ஸ்கூல் தொறக்குறாங்க. சீட் வாங்கியாச்சு."

"இங்க ஸ்கூலு இல்லியா? மதன் புள்ளைங்க வேன்ல போவுதுங்க. அதுங்களோட இதுவும் குந்திக்கினு போவுது."

மதன் வினோதாவின் அண்ணன். அவன் பிள்ளைகள் அவனை நைனா என்று கூப்பிடுவார்கள். போன வாரம் வீடியோ காலில் தன்ஷிகா திருமலையிடம் பேசிக்கொண்டே இருந்தவள், சலித்துப்போய்ப் போனை மதனிடம் நீட்டி, "நைனா, இந்தா, நீ பேசு" என்றாள். திரையில் மதனின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. மதன், "ஏய், அப்பாகிட்ட பேசும்மா" என்றான். அவள் ஏற்கெனவே ஓடியிருந்தாள். அன்றைக்குத்தான் திருமலை அறையின் பூட்டைத் திறந்தான். ஆடி வரை விட்டால் அவனுக்குப் பெண் இருக்க மாட்டாள்.

"வரேன் அத்தே" என்றான் மறுபடியும்.

போனில் எருமை கத்துவது மட்டும் கேட்டது. பிறகு, "அந்த ரூம்ப தொறந்துட்டீங்களா?"

"பெயிண்ட் அடிக்கிறேன்."

"வெளக்கு?"

விளக்கை அவன் நிறுத்திப் பல நாளாகிவிட்டது.

"நான் சந்துலதான் நின்னுக்கினு இருந்தேன் மாப்ளே. தலைய முன்னாடி உட்டாங்க. எம்பொண்ணு ஊட்டப் பாத்துக்கினேதான் போனா. பெத்தவ சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். கொயந்தைய அங்க படுக்க வெக்காதீங்க."

"அத்தே, அது வெறும் செவுரு."

"செவுருதான்" என்றார் ரத்னா. "நானும் அதத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமையும் அந்த இடம் ஈரமாகவே இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல், பட்டி பார்க்கிற தகட்டை எடுத்து ஈரப் பெயிண்டைச் சுரண்டினான். புதுப்பூச்சு ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும், சுரண்டிக் காயவைத்து மறுபடி பிரைமர் அடித்தால் சரியாகிவிடும் என்று லேபில் ஒரு சாம்பிளைப் பற்றி நினைப்பதுபோல நிதானமாக நினைத்தான். அறையில் பெயிண்ட் வாடை. ஜன்னல் வழியாகச் சிப்காட்டின் வழக்கமான இரும்பு வாடை. தூரத்தில் கம்பி உருட்டுகிற மில்லில் ஏதோ கனமானது விழுந்து எழும் சத்தம், இரவு பகல் என்றில்லாமல் இந்த ஊரின் தரைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிற சத்தம், தொம், தொம் என்று, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களை லேசாக நடுக்கிக்கொண்டு வந்தது. குடிவந்த புதிதில் வினோதா அந்தச் சத்தத்தில் தூங்காமல் புரண்டாள். பிறகு பழகிவிட்டது. இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை.

சுரண்டச் சுரண்ட, வெள்ளை வரவில்லை. பச்சைக்கு அடியில் பச்சை. தகட்டைச் சாய்த்து அழுத்தினான். அது உள்ளே போயிற்று. பூச்சு ஒரு விரல் கனம்தான், அதற்குப் பின்னால் செங்கல். தகடு செங்கல் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கைப்பிடி வரை போயிற்று. தயிரில் கரண்டி போவதுபோலச் சத்தமில்லாமல்.

தகட்டின் நுனி எதையோ தொட்டது. செங்கல் என்றால் கீறும். இது அமுங்கியது. மெத்தென்று.

வெளியே இழுத்தான். சுவர் மூடிக்கொண்டது. தகட்டில் வழிந்த பச்சையில் பெயிண்ட் வாடை இல்லை. மூக்கருகில் கொண்டுபோனான். தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பல். அதன் மேல் மெல்லியதாகப் பன்னீர்.

தகட்டைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டான். முகம் கழுவினான். தூங்கவில்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான். கூடத்தில் படுத்தான். கண்ணை மூடியபோது மில் சத்தம் பக்கத்தில் கேட்டது. தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒருவர் குதித்துக் குதித்து நகர்வதுபோல. வீட்டைச் சுற்றி.

மறுநாள் காலையில் கொத்தனார் அப்பாவுவை வரச் சொன்னான். ஓட்டையை இடித்ததும் மூடியதும் அவர்தான். டி.வி.எஸ்.ஸை வாசலில் நிறுத்தினார். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை.

"நான் சந்துப் பக்கமா பாத்துக்கறேன் சார். உள்ள நீங்க பாத்துட்டீங்க இல்ல?" என்று பூச்சுக் கரணையால் முதுகைச் சொறிந்துகொண்டார். "நான் கட்னது சார் அது. லாரி வந்து முட்னா லாரிக்குத்தான் செலவு. தண்ணி வுட்டுக்கினு இருக்கும், வேற ஒண்ணியும் இல்ல. இதுக்குப் போயி பேஜாராவறீங்க."

பேசிக்கொண்டே வீட்டுக்கும் பக்கத்து மனையின் காம்பவுண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் நுழைந்தார். முள்செடியை ஒதுக்கும் சத்தம். பிறகு பேச்சு நின்றது.

"சார்."

"சொல்லுங்க."

"வெளிய இன்னாத்துக்கு சார் அடிச்சீங்க?"

திருமலை சந்துக்குப் போனான். மனிதர் நடக்காத சந்து. வெளிப்பக்கம் சிமெண்ட் பூச்சு மட்டும், பெயிண்ட் அடித்ததே இல்லை. மூடிய இடத்தின் சாம்பல்நிறப் பூச்சின் மேல் கைகள். பச்சைக் கைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, நிறைய. தரையை ஒட்டி இருந்தவை பழசாகிக் கறுத்திருந்தன. முழங்கால் உயரத்தில் இருந்தவை கொஞ்சம் புதிது. இடுப்பு உயரம். மார்பு உயரம். தரையில் கிடந்த யாரோ நாளுக்கு நாள் எழுந்து உட்கார்ந்து, பிறகு எழுந்து நின்று, சுவரைத் தடவி வழி தேடியதுபோல. மேலே இருந்தவை இன்னும் ஈரம்.

ஒவ்வொரு இடது கையிலும் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. வினோதாவுக்குச் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது.

"கைய கயுவாத தொடச்சிட்டீங்க போல" என்றார் அப்பாவு. அவர் திருமலையின் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திருமலையின் கை அந்தக் கைகளைவிடப் பெரிது.

"ஆமா" என்றான் திருமலை. "நான்தான்."

"அதான பாத்தேன்." வேகமாக வெளியே வந்தார். "மேல ஒரு பூச்சு பூசிடலாம் சார். சிமெண்ட் எத்தினு நாளைக்கி காலைல வரேன்."

"டீ சாப்ட்டுப் போங்க."

"இல்ல சார். சுகரு."

வண்டி திரும்பும் சத்தம். போன பிறகுதான் கவனித்தான், கரணை சந்திலேயே கிடந்தது. அவர் எடுக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கூப்பிட்டால் அவர் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. குழந்தையைக் கூட்டி வருவதா வேண்டாமா என்ற கேள்வியை அவன் தனக்குள் வரவிடவில்லை. வரவிட்டால் பதில் தெரியும். பதில் தெரிந்தால் ஆடி வரை நிற்க வேண்டும். ஆடிக்குள் அவள் மதனின் பெண். இரும்பு பீரோவைத் தோளால் நெட்டித் தள்ளி, மேற்குச் சுவரில் அந்த இடத்தை மறைத்து நிறுத்தினான். நன்றாக மறைத்தது. அறைக்கதவையும் பூட்டிச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்வோம் என்று நினைத்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

ரத்னா குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கி வைத்திருந்தார். தன்ஷிகாவின் இடுப்பில் புதிதாகக் கறுப்புக் கயிறு. "தினமும் போன் பண்ண சொல்லுங்க" என்றார். கேட் வரை வரவில்லை. மதன்தான் குழந்தையைத் தூக்கி வண்டியில் முன்னால் வைத்தான். "எங்க மச்சான் போற? இருந்து சாப்ட்டு போ."

"இருட்டறதுக்குள்ள போயிடறேன்."

பெரியபாளையம் தாண்டினார்கள். வயல் முடிந்து செங்கல் சூளை, சூளை முடிந்து லாரிகள். கவரைப்பேட்டை பக்கம் தன்ஷிகா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா."

"அப்பா" என்றான்.

"அப்பா" என்றாள். "ஊட்ல அம்மா கீதா?"

"இல்லடா. அம்மா வெளிய போயிருக்காங்க."

"எந்த வழியா போச்சு?"

அவன் வண்டியை ஓட்டினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடினாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சோபா. டி.வி. அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி. நாலு மாதத்தில் அது அவளுக்குச் சின்னதாகியிருந்தது. இருந்தும் உட்கார்ந்து காட்டினாள். திருமலைக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகிற்று. அவன் பால் காய்ச்சப் போனான்.

"அப்பா, இங்க காடு மாரி கீது!"

குரல் கூடத்திலிருந்து வரவில்லை.

அறைக்கதவு திறந்திருந்தது. சாவி ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது. தன்ஷிகா கட்டிலின் மேல் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கரும்பச்சை அந்த வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மூலைகளைக் காட்டாமல் நின்றது. அறை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பீரோ இருந்த இடத்தில் இருந்தது. அதன் ஓரத்தில் மட்டும், சுவரும் பீரோவும் சேரும் இடுக்கில், ஒரு கோடு ஈரம் மினுங்கியது.

"வா, வெளிய போலாம்."

"நான் இங்கதான் படுப்பேன். எம் போர்வ இங்க கீது." பழைய மஞ்சள் போர்வையைக் கண்டுபிடித்திருந்தாள். யானைப் படம் போட்டது. சின்னது.

"பால் குடிச்சிட்டு—"

கரண்ட் போயிற்று.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ "அட" என்றார்கள். ஊர் முழுவதும் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சிப்காட் விளக்குகள் அணைந்திருந்தன. மில் நின்றுவிட்டது. அது நின்றதும் காது அடைத்ததுபோல இருந்தது. அத்தனை வருஷத்தில் இந்த ஊர் இப்படி அமைதியாக இருந்து அவன் கேட்டதில்லை.

தொம்.

மில் நின்றிருந்தது.

தொம்.

சந்திலிருந்து. இரண்டு கால் சேர்ந்து.

"தன்ஷி, இங்க வா. அப்பாகிட்ட வா." கையை நீட்டினான். இருட்டில் சின்னக் கை அவன் கையைப் பிடித்தது. அவளைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து சோபாவில் உட்கார வைத்தான். அறைக்கதவைச் சாத்தினான். வண்டிச் சாவியைத் தேடினான். மறுபடி ஊத்துக்கோட்டைக்கே போய்விடலாம். ஆடி வரை. ஆடி தாண்டிக்கூட. மதனை நைனா என்று கூப்பிடட்டும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம். அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் வாடை. ஓடிப்போய்த் திருகினான். போனை எடுத்து டார்ச்சைப் போட்டான். வண்டிச் சாவி மேடையில் இருந்தது. எடுத்தான். அவ்வளவுதான் நேரம்.

கூடத்தில் சோபா காலியாக இருந்தது.

"தன்ஷி?"

அறைக்குள் அவள் சிரித்தாள். யாரோ கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கிற சிரிப்பு. பிறகு இரும்பு தரையில் நகரும் சத்தம். நீளமாக. பிறகு இல்லை.

கதவைத் தள்ளினான்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் பீரோ. அறை நடுவில் நின்றது. அதன் கால்கள் தரை ஓட்டில் வெள்ளைக் கோடு கிழித்திருந்தன. அவன் தோள் கொடுத்துத் தள்ளிய பீரோ.

பிறகு சுவர்.

ஒரே நிறம். ஓரம் இல்லை, திட்டு இல்லை, மினுக்கம் இல்லை. மூலையிலிருந்து மூலை வரை ஒரே அடர்ந்த பச்சை. வினோதா போனில் காட்டிய படத்தில் இருந்ததுபோல. உள்ளங்கையை வைத்தான். காய்ந்திருந்தது. தடவினான். மேலே, கீழே. எல்லாம் காய்ந்திருந்தது. கை சுத்தமாக வந்தது.

கட்டிலில் மஞ்சள் போர்வைக்குள் அவள் சுருண்டிருந்தாள். தலையோடு இழுத்து மூடியிருந்தாள். தூங்கும்போது அப்படித்தான் மூடுவாள். போர்வை மெல்ல ஏறி இறங்கியது.

மூச்சு வந்தது அவனுக்கு. சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். சுவர் ஜில்லென்று இருந்தது.

தட்.

நெற்றிக்குள் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்.

தட். தட்.

தாழ்வாக. அவன் முழங்கால் உயரத்தில். சின்ன உள்ளங்கை.

"அப்பா."

அவன் அசையவில்லை.

"அப்பா, வழி இல்ல. ஊட்டத் தொற."

இரண்டு கையாலும் சுவரை அழுத்தினான். சுவர் அமுங்கவில்லை. நகத்தால் கீறினான். கீறியது. செங்கல். லாரி முட்டினாலும் ஒன்றும் ஆகாத சுவர்.

"அப்பா, இங்க இருட்டா கீது."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

டார்ச்சைத் திருப்பினான்.

போர்வை சின்னது. அது முழுதாக மூடவில்லை. அந்தக் கோடியில் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நீளமான பாதங்கள். கணுக்கால் வரை பச்சை. பச்சை இன்னும் காயவில்லை. மெத்தையில் சொட்டியது.

கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு வேட்டிக் கிழிசல்.

அவன் போட்ட முடிச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னக் கை தட்டிக்கொண்டே இருந்தது.